திரும்பச் சொல்லு

என் அக்கா இறந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பதினான்கு. மஞ்சள் காமாலை. அவள் முகம் இருந்த ஒரே போட்டோவைப் பாழாக்கியவன் நான். மழைத் தண்ணீர் இறங்கிய சுவரில் அது பல வருடம் மங்கிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ப்ரேமை மாற்றுகிறேன் பேர்வழி என்று ஒருநாள் கழற்றினேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோவில் கொடுத்திருக்கலாம், கொஞ்சம் ஊறவைத்திருக்கலாம். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பிடித்து இழுத்தேன். தோளும் ஒரு பின்னலும் என் கையோடு வந்தன. முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது, சுரண்டியதில் அதுவும் போய்விட்டது.

அம்மா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். கண்ணாடித் துண்டைத் துடைத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, சோறு போட வா என்று என் மனைவியைக் கூப்பிட்டாள்.

போன வருடம் என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு ஐயம்பேட்டை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்போம். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணோ, பூவும் பொட்டுமாகப் போனவளோ குடும்பத்தில் இருந்தால், அவளைக் கூப்பிட்டு, புதுப்புடவை வைத்து, அவள் சம்மதம் வாங்கிய பிறகுதான் பந்தக்கால். எங்கள் வீட்டில் அது என் அக்கா. ஒரு செம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, புடவை சுற்றிப் பூ வைப்போம். அந்தச் செம்புதான் அவள் முகம்.

நிச்சயம் முடிந்த வாரம் அம்மா என்னிடம் வந்தாள். "இந்த வாட்டி செம்பு மட்டும் வெச்சா போதாதுப்பா. அவ மூஞ்சி வேணும்" என்றாள்.

"போட்டோவுக்கு எங்கம்மா போறது? அதான் என் கையால கிழிச்சாச்சே."

"உன் பொட்டிதான், சொன்னா எல்லாத்தையும் வரைஞ்சு குடுக்குதாமே. கடைப் புடவைய எல்லாம் அதுல வர்ற பொண்ணுங்கதானே கட்டிக்கினு நிக்குதுங்க. உன் பொண்டாட்டி காமிச்சா."

பொட்டி என்று அம்மா சொன்னது என் லேப்டாப்பை. அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். இருபது வருடம், தறியில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு அட்டைகளுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவன் நான். இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் ஆன்லைன் பிரிவில் இருக்கிறேன். கடையில் புடவையைத் தரையில் விரித்து ஒரு படம் எடுப்பார்கள். நான் ஒரு ஏஐ கருவிக்கு நாலு வரி எழுதுவேன். எந்த ஊரிலும் பிறக்காத ஒரு பெண் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் நிற்பாள். அந்த நாலு வரிக்குப் பெயர் ப்ராம்ப்ட்.

இதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. கடையில் மற்றவர்கள் 'அழகான பெண், பட்டுப்புடவை, கோயில்' என்று எழுதிவிட்டு, காலண்டர் லட்சுமி வந்து நிற்கிறாள் என்று புலம்புவார்கள். எனக்கு எரிச்சல் வரும். தையற்காரனிடம் 'ஒரு ஜாக்கெட் தை' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் யார் அளவுக்குத் தைப்பான்? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பெண்ணுக்கு என்ன வயது, கை என்ன செய்கிறது, பார்க்கிறவன் எங்கே நிற்கிறான், படத்தில் என்ன இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அழகு, அருமை, அற்புதம் மாதிரியான சொற்களைக் கருவி கண்டுகொள்ளாது, அல்லது தனக்குத் தெரிந்த அழகைக் கொண்டுவந்து கொட்டும். இதையெல்லாம் நான் கடையில் உள்ளவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அதனால் அம்மா கேட்டபோது, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழித்த கைக்கு இதையாவது செய்யலாம் என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சொல்லும்மா. அக்கா எப்படி இருப்பா?"

"லட்சணமா இருப்பா."

"அதெல்லாம் அதுக்குப் புரியாது. நிறம் சொல்லு."

"மாநிறம்."

மாநிறம் என்று எழுதினால் பாலில் ஒரு சொட்டு டீ விட்ட நிறத்தில் ஒருத்தி வந்தாள். இன்னும் கருப்பு என்றேன், கொஞ்சம் வெயிலில் நின்ற சினிமாக்காரி வந்தாள். நகை வேண்டாம் என்றேன், கழுத்து நகை போய்க் காதில் ஜிமிக்கி வந்தது. அம்மா ஒவ்வொருத்தியையும் மரியாதையாகப் பார்த்தாள். "நல்லா இருக்குது. யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"சரி, மூக்கு?"

"சின்ன மூக்கு. நுனி மட்டும் கொஞ்சம் தூக்கினாப்பல இருக்கும்."

"காது?"

காது என்றதும் அம்மாவுக்கு வேகம் வந்துவிட்டது. காது சின்னது, மடல் ஒட்டியே இருக்கும், அதற்குக் கீழே கழுத்தோரம் ஒரு மச்சம், தோடு போட்ட ஓட்டை கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கும், முன்னால் ஒரு கொத்து முடி அடங்கவே அடங்காது, இரண்டு கையிலும் வேலை இருப்பதால் உதட்டைக் கோணி ஃபூ என்று ஊதி ஊதித் தள்ளுவாள். நான் பத்து வரி எழுதினேன். இவ்வளவு விவரமாக எந்த வாடிக்கையாளரும் எனக்குச் சொன்னதில்லை.

"கண்ணு?"

அம்மா முந்தானையை மடியில் மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு சொன்னாள். "குயில்கண்ணு மாதிரி இருக்கும்பா."

குயில்கண் என்பது எங்கள் புடவைக் கரையில் வரும் ஒரு சின்ன வட்டப் புட்டா. வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. அம்மா வாழ்நாளில் அதைப் பல்லாயிரம் முறை நெய்திருப்பாள். நானும் யோசிக்காமல், 'கண்கள் குயிலின் கண்ணைப் போல' என்று எழுதி அனுப்பினேன். வந்த பெண்ணுக்கு இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. அம்மா நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டாள்.

"ஐயய்ய, இன்னாத்துக்குப்பா இப்படி செவப்பா போடுது?"

"குயிலுக்குக் கண்ணு செவப்புதாம்மா."

"அப்படியா? நான் குயில எங்க பாத்தேன்?"

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். என் மனைவிகூட அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கண் எப்படி என்று கேட்டதற்கு அம்மாவிடம் பதிலே இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

என்னிடமும் பதில் இல்லை. அம்மாவுக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா என்று நான் தனியாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அக்காவின் பச்சை ரிப்பன் ஞாபகம் வந்தது. என் கணக்கு நோட்டில் அவள் கோடு போட்டுக் கொடுத்தது, முதுகில் ஒரு அறை விட்டது, முழங்கையில் இருந்த தழும்பு, எல்லாம் வந்தன. முகம் மட்டும் வரவில்லை. பதினான்கு வருடம் ஒரே வீட்டில் ஒரே தட்டுக்குச் சண்டை போட்ட பெண்ணைப் பற்றி, முகம் என்று எழுதி ஒரு வரிகூட நிரப்ப முடியவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு பொறுமை போய்விட்டது. முப்பது நாற்பது முகம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் அம்மா இல்லை என்று தலையாட்டினாளே தவிர, எது இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. மூக்கு சரியா என்றால் சரி என்பாள், வாய் சரியா என்றால் சரி என்பாள், அப்போ இவதானே என்றால் இல்லை என்பாள்.

"பெத்தவ தானே நீ? உன் பொண்ணு மூஞ்சி உனக்கே தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். சொன்ன சொல்லை எடுத்து விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வராது. சும்மா தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கியபடி என் மனைவியிடம் அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள், இப்படி ஊதுவாள் என்று. அவள் என்று சொல்லும்போதெல்லாம் அம்மாவின் தலை வலது பக்கம் கொஞ்சம் திரும்பி, கண் மட்டும் ஓரமாகப் போய்த் திரும்பியது. மச்சம் என்று தன் இடது காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். முடிக்கொத்து என்று இடது நெற்றியைத் தொட்டாள். பரு வந்த வடு என்று இடது கன்னத்தை.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அம்மா குழித்தறியில் உட்கார்ந்து நெய்வாள். புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோத்துக் கோத்து நெய்ய வேண்டும். அதுதான் கோர்வை. அதற்கு ஒற்றை ஆள் போதாது. வலது பக்கம் ஒருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது அக்கா. இரண்டு பேருக்கும் பார்வை முன்னால் பாவு நூலின் மேல். அம்மா எப்போதாவது ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிவது அக்காவின் இடது பக்கம் மட்டும். ஏழு வருடம் அம்மா பார்த்த மகள் அந்த இடது பக்கம்தான். நான் மூன்று வாரமாக நேர்முகமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்று சொல்லு சொல்லு என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த நான், அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்கவில்லை.

மறுபடியும் போய் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன்.

'பத்தொன்பது வயதுப் பெண். கருமை கலந்த மாநிறம், எண்ணெய்ப் பசை உள்ள கன்னம். கைத்தறிக்கு வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், தலை கொஞ்சம் குனிந்திருக்கிறது, கண் நூலின் மேல். பார்ப்பவர் அவளுக்கு இடது பக்கத்தில், அதே உயரத்தில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் மட்டும் தெரிய வேண்டும். சிறிய, ஒட்டிய காதுமடல், அதற்குக் கீழே கழுத்தில் ஒரு மச்சம். நெற்றியோரத்தில் அடங்காத முடிக்கொத்து, அதை ஊதித் தள்ள உதட்டைக் கோணியிருக்கிறாள். பருத்திப் பாவாடை தாவணி, வெளுத்தது. பச்சை ரிப்பன். நகை இல்லை. ஓட்டு வீடு, தறிக்கு மேலே ஒரு குண்டு பல்பு எரிகிறது. அழகுபடுத்த வேண்டாம்.'

படம் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அம்மா பார்த்தாள். நின்றவள் உட்காரவில்லை. கை தானாக நீண்டது, திரையில் அந்த முடிக்கொத்தின் மேல் விரலை வைத்து, காதுக்குப் பின்னால் தள்ளுவதுபோல் இழுத்தாள்.

"முடிய ஒதுக்குடி. நூல்ல உழுது பாரு" என்றாள்.

அடுத்த நொடியில் எனக்குள் எழுந்தது என்னவென்று மறைக்காமல் சொல்கிறேன். பெருமை. புதிதாக எழுதிய முதல் தடவையிலேயே வரவழைத்துவிட்டேன் பார் என்கிற, கடையில் நல்ல படம் வந்தால் வருகிற அதே பெருமை. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அம்மா விரலை எடுத்துக்கொண்டு சொன்னாள். "திரும்பச் சொல்லுப்பா."

இன்னொரு படம் கேட்கிறாள் என்று நினைத்தேன். எழுதியதையே திரும்பவும் அனுப்பினேன். கொஞ்சம் வேறு மாதிரி, அதே இடது பக்கம், அதே குனிந்த தலை வந்தது. அம்மா தலையாட்டினாள்.

"அதில்லப்பா. அவளத் திரும்பச் சொல்லு. இந்தாண்ட, என்னப் பாத்து."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். "எதுக்கும்மா? இதுதான் அக்கா மாதிரியே இருக்குதே. இதையே வெச்சுடலாம்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னதை, முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப தறில இருந்தது முகூர்த்தப் புடவைப்பா. வெசாழக்கெழம தறிலேர்ந்து அறுத்துக் குடுத்தாவணும். திங்கக்கெழமயே உங்கக்கா ஒடம்பு சுடுதும்மான்னா. மாத்திர வாங்கிக் குடுத்தேன். கோர்வைக்கு வேற ஆளு யாரு? உக்காந்துக்கினுதானே போடப்போறா, போடட்டும்னு உட்டுட்டேன். நாலு நாளு. ஒரு மொழத்துல உக்காந்துக்கினு இருந்தாப்பா. நான் புடவையப் பாத்துக்கினு இருந்தேன். ஒரு தபாகூட அவ மூஞ்சிய நேரா பாக்கல. ஆஸ்பத்திரில டாக்டரம்மா அவ கண்ண இழுத்துப் பாத்தாங்க. அப்படியே மஞ்ச. 'பக்கத்துலயே இருந்துக்கினு உனக்குத் தெரியலையாம்மா'ன்னாங்க. எனக்குத் தெரியலப்பா. எனக்கு அவ காதுதான் தெரியும்."

நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். காமாலை முற்றிப்போய்விட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மா படையலுக்குப் படம் கேட்கவில்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. அந்த நாலு நாளில் தான் பார்க்காமல் விட்ட முகத்தைப் பார்க்க நினைக்கிறாள். அதில் கண் வெள்ளையாக இருந்துவிட்டால், அப்போது பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அம்மாவுக்கு நான் இதுவரை கொடுத்ததிலேயே பெரிய பொருளை ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

'அதே பெண், அதே இடம். தலையை இடது பக்கம் திருப்பி, பார்ப்பவரை நேராகப் பார்க்கிறாள். ஆரோக்கியமாக இருக்கிறாள். சோர்வு இல்லை. லேசாகச் சிரிக்கிறாள்.'

அவசரம். ஒருமுறை படித்துப் பார்த்திருக்க வேண்டும். கடைக்கு எழுதும்போது வெளிச்சம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி தவறாமல் சேர்ப்பேன், இல்லாவிட்டால் புடவையின் நிறம் மாறிப்போகும். அக்காவுக்கு அந்த வரியை எழுதவில்லை. தறிக்கு மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டவனும் நான்தான். பக்கவாட்டில் இருந்தவரை அந்த வெளிச்சம் கன்னத்தில் மட்டும் விழுந்து அழகாக இருந்தது. முகம் திரும்பியதும் நேராக இரண்டு கண்ணிலும் இறங்கியது.

படத்தில் அவள் லேசாகச் சிரித்தாள். விழியின் வெள்ளை முழுவதும் மஞ்சள்.

நான் மூடப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருப்பா."

"அது பல்பு வெளிச்சம்மா. சுவரப் பாரு, தாவணியப் பாரு, எல்லாமே மஞ்சளாத்தான் இருக்குது."

"நான் கண்ணத்தான் பாக்கறேன்."

"ஒரு நிமிஷம் இரு. மாத்திடறேன்."

வெள்ளை வெளிச்சம், கண்ணின் வெண்மை தெளிவாக என்று எழுதினேன். பால் மாதிரி வெள்ளைக் கண்ணோடு அதே பெண் வந்தாள். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"இது நீ எனக்கோசரம் மாத்தனது. மொதல்ல வந்தது அதுவா வந்துச்சு."

"அதுவும் நான் எழுதினதுதாம்மா."

"மஞ்சன்னு எழுதினியா?"

"இல்ல."

"நீ சொல்லாமயே வந்துச்சு இல்ல?"

"அதுக்கு அக்காவத் தெரியாதும்மா. அக்கான்னு ஒருத்தி இருந்ததே அதுக்குத் தெரியாது."

"தெரியாமயா காத அப்படியே போட்டுச்சு?"

"காதப் பத்தி நீதானே சொன்ன."

"கண்ணப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றாள் அம்மா.

கடையில் எத்தனையோ பேருக்கு இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியிருக்கிறேன். அது பார்ப்பதில்லை, நினைவில் வைத்திருப்பதில்லை, லட்சக்கணக்கான படங்களைப் பார்த்த பழக்கத்தில் இதற்கு அடுத்து இது வரும் என்று ஒன்றை வைக்கிறது, அவ்வளவுதான். அதையும் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாக, நாலைந்து விதமாகச் சொன்னேன். அம்மா மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதையும் இப்படித்தான் கேட்டிருப்பாள் என்று தோன்றியது.

மஞ்சள் கண் படத்தைத்தான் படையலுக்கு வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். பக்கவாட்டுப் படத்தை வைக்கலாம் என்று நானும் என் மனைவியும் கெஞ்சிப் பார்த்தோம். "அவள ஒரு பக்கமாவே பாத்துக்கினு இருந்தது போதும்" என்றாள். பிரிண்ட் போடக் கொடுத்த இடத்தில், "கலர் ரொம்ப மஞ்சளா அடிக்குது சார், கரெக்ட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார்கள். நான் சரி என்றே சொல்லியிருப்பேன். வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரிந்து, வேண்டாம் என்றேன்.

படையல் அன்று காலையிலேயே உறவுக்காரப் பெண்கள் வந்துவிட்டார்கள். செம்புக்குப் பக்கத்தில் படத்தை வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, புதுப்புடவையை மடித்து வைத்தோம். அக்காவை நேரில் பார்த்த ஒரு அத்தை, "அப்படியே இருக்குறாளே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவளாலும் அக்காவின் முகத்தைச் சொல்லியிருக்க முடியாது, எனக்கு நிச்சயம். இன்னொருத்தி, "மஞ்ச பூசிக் குளிச்சுட்டு வந்து நிக்கறாப்பல எவ்ளோ களையா இருக்குது பாரு" என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் பெண் விழுந்து கும்பிட்டாள். அம்மா கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்து இலை எடுத்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தையை ஷேர் ஆட்டோ ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். கூடத்தில் என் லேப்டாப் முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். மூடியை அவளே திறந்திருந்தாள், மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையை மடியில் வைத்திருந்தாள். பூஜை ஏதாவது குறைந்துவிட்டதோ என்று நினைத்து, என்னம்மா என்று கேட்டேன்.

"உன் பொட்டிகிட்ட இன்னொண்ணு கேக்கணும்பா."

"கேளும்மா."

"எத்தினி நாளா மஞ்சளா இருந்துச்சுன்னு கேளு. வெசாழக்கெழமதான் வந்துச்சா, இல்ல திங்கக்கெழமயே இருந்துச்சா. அது மட்டும் கேட்டுச் சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீபோர்டின் மேல் கையை வைத்தவன் எதையும் அடிக்கவில்லை. கேட்டிருந்தால் அது ஏதாவது ஒரு கிழமையைச் சொல்லியிருக்கும்.